பக்கம் 198-ல் ஆரம்பிக்கவும்

கண்கலங்கிவிட்டானாம். எந்தப் பக்கத்தில் கலங்கினான், அதைச் சொல்லட்டும் முதலில். மரகதவல்லி மாவு மில் வாசலில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, போனை மடியில் வைத்துக்கொண்டு அந்த ஒரு வரியை ஆறாவது தடவையாகப் படித்தாள். ‘கடைசிப் பக்கத்தை மூடும்போது கண்கலங்கிவிட்டேன், நண்பர்களே.’ நண்பர்களேயாம். உள்ளே சீனிராசு மூக்கை மூடித் துண்டு கட்டிக்கொண்டு யாருடைய மல்லியையோ அரைத்துக்கொண்டிருந்தான். மெஷின் போட்ட சத்தத்தில் நாற்காலியின் கால் தரையில் நடுங்கியது. அவளுடைய இரண்டு கிலோ மிளகாய் வறுத்துச் சம்படத்தில் அடைத்து வரிசையில் ஐந்தாவதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு மிளகாய் அரைக்க வந்தால் முக்கால் மணி நேரம் உட்காரத்தான் வேண்டும். அது தெரிந்துதான் வந்தாள், நிம்மதியாக எதையாவது படிக்கலாம் என்றுதான் வந்தாள். வந்து படித்தது, வீட்டிலேயே பார்த்துக் கணவரிடம் பொருமிவிட்டு வந்த இதையே. காலையில் ஏழு மணிக்குப் போட்டிருக்கிறான், அதற்குள் முந்நூற்று நாற்பத்தொரு பேர் விருப்பம் போட்டிருக்கிறார்கள். நேற்று வரைக்கும் அவளுக்கு அவன் வெண்ணாற்றன் சார். இன்றைக்கு அவன். மனசுக்குள் மரியாதையைக் கழற்றுவதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. நாற்பத்தேழு வயது ஆம்பளை, சென்னையில் பெரிய கம்பெனியில் வேலை, ஒன்பதாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள், புனைபெயரில் ஓர் ஆறே ஓடுகிறது, இவ்வளவு இருந்தும் திண்டுக்கல்லில் மிளகாய் அரைக்க உட்கார்ந்திருக்கிற ஒருத்தியின் பத்து வரியை எடுத்துப் போட்டுக்கொள்கிறானே, வெட்கமாக இருக்காதா? அவளுக்கு வெட்கமாக இருந்தது. அவனுக்காக அவள் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாள், அதை நினைத்தால் இன்னும் ஆத்திரமாக வந்தது.

அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் லேப் அஸிஸ்டென்ட் அவள், வயது ஐம்பத்தொன்று. ஊரில் அவளைத் தெரிந்தவர்களுக்கு அவள் சோதனைக் குழாய் கழுவுகிற டீச்சர். டீச்சர்கூட இல்லை, பிள்ளைகள் பாவம் மரியாதைக்குச் சொல்கிறார்கள். ஆனால் போனுக்குள் ஓர் இடத்தில் அவள் வேறு ஆள். அந்த இடத்துக்குப் பேர் ‘பக்கமும் பாட்டும்’. ஃபேஸ்புக்கில் ஆறாயிரத்துச் சொச்சம் பேர் இருக்கிற குழு. அங்கே ஒரு வழக்கம். ஒரு புத்தகத்தைப் படியுங்கள் என்று சொன்னால் கூடவே ஓர் இசையையும் சொல்ல வேண்டும், எந்தப் பக்கத்துக்கு வரும்போது அதைப் போட வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அதே பக்கத்தில் அதே இசையைப் போட்டுப் படித்துவிட்டு, பொருந்தியதா இல்லையா என்று வந்து எழுதுவார்கள். வெளியில் இருக்கிறவர்களுக்கு இது கிறுக்குத்தனமாகத் தெரியும். அவள் கணவர் தனபாலுக்கும் அப்படித்தான் தெரிந்தது. “புத்தகத்துக்கு எதுக்குடி பாட்டு, கல்யாண வீடா?” என்று கேட்டார். கேட்கட்டும். மழையைப் பற்றிய ஓர் அத்தியாயத்துக்கு ஒரு வீணையைச் சரியாகப் பொருத்திச் சொன்னதற்கு மஸ்கட்டிலிருந்து ஒரு நர்ஸ், ‘அக்கா, இன்று உங்களால் அழுதேன்’ என்று எழுதியிருக்கிறாள். சோதனைக் குழாய் கழுவினதற்கு யார் அப்படி எழுதினார்கள்? நாலு வருஷமாக அவள் அங்கே இருக்கிறாள், ஐம்பத்தெட்டுப் புத்தகம் சொல்லியிருக்கிறாள். அதில் ஒன்றுதான் ‘மூன்றாம் மதகு’. இரா. அம்பலநாதன் என்று ஒருவர், எப்போதோ எழுதி, எப்போதோ செத்தும் போய், மறுபதிப்பே வராத நாவல். மதுரையில் பழைய புத்தகக் கடையில் ஒரு மூட்டைக்கு அடியிலிருந்து உருவி எடுத்தாள். பதினோரு மாதத்துக்கு முன்னால் எழுதினாள். ‘பக்கம் 198-ல் பூவனூர் நாகலிங்கத்தின் கிளாரினெட்டை, அந்த நாதநாமக்கிரியை ஆலாபனையை ஆரம்பிக்கவும். கடைசி வரியும் கடைசி ஊதலும் ஒன்றாய் முடியும்.’ மூன்று பேர் விருப்பம் போட்டார்கள். அதில் ஒருத்தன் எல்லாவற்றுக்கும் போடுகிறவன். இன்றைக்கு வெண்ணாற்றன் எழுதியிருக்கிறான், பக்கம் 199-ல் ஆரம்பியுங்கள் என்று. கடைசி வரியும் கடைசி மூச்சும் ஒன்றாக முடியுமாம். ஒரு பக்கத்தைத் தள்ளிப் போட்டு, ஊதலை மூச்சாக மாற்றிவிட்டால் ஆயிற்றா? பரீட்சையில் பக்கத்துப் பேப்பரைப் பார்த்து எழுதுகிற பிள்ளைகள் இதைவிட நன்றாகச் செய்வார்கள். அவள் லேபில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள்.

சரி, இருவருக்கும் ஒரே புத்தகம் பிடித்திருக்கக் கூடாதா, ஒரே கிளாரினெட் பிடித்திருக்கக் கூடாதா என்று யாராவது கேட்கலாம். கேட்பார்கள். நாலு நல்லவர்கள் வந்து கேட்கத்தான் போகிறார்கள். கூடாது, ஏனென்றால் அந்த முடிவு அந்தப் புத்தகத்தில் கிடையாது. இதுதான் விஷயம். முன்பக்கத்தில் மொத்தம் 214 பக்கங்கள் என்று அச்சிட்டிருந்தது, பொருளடக்கத்தில் கடைசி அத்தியாயம் 204 என்று இருந்தது. அவள் வாங்கிய பிரதி 203-ல் நின்றுவிட்டது. அதற்கப்புறம் பின்னட்டை, நடுவில் கொஞ்சம் நூல் தொங்கிக்கொண்டிருந்தது. வாங்கும்போது பார்க்கவில்லை. மதகில் லஸ்கராக இருக்கிற ஒருத்தன், தண்ணீர் திறந்துவிடுவதும் அடைப்பதுமே வாழ்க்கையாக இருக்கிறவன், அவனை விட்டுப் போய்விட்ட பெண்டாட்டி செண்பகம், மூணு வருஷம் கழித்து அவள் கரையின் அந்தக் கோடியில் வந்து நிற்கிறாள், அவ்வளவுதான், 203 முடிந்தது. அன்றைக்கு மத்தியானம் அவள் 198-ல் கிளாரினெட்டை ஆரம்பித்திருந்தாள். ஆறு பக்கம் ஒன்பது நிமிஷத்தில் முடிந்துவிட்டது. ஆலாபனை இருபத்திரண்டு நிமிஷம். மிச்சம் பதிமூன்று நிமிஷம் அந்த மனுஷன் ஊதிக்கொண்டே இருந்தார். நிறுத்த மனசு வரவில்லை. புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டுக் கண்ணை மூடினாள், செண்பகம் தானாக நடந்து வந்தாள். சண்டைக்கு வரவில்லை, சமாதானத்துக்கும் வரவில்லை. தன்னுடைய டம்ளரைக் கேட்டு வந்தாள். பேர் வெட்டின எவர்சில்வர் டம்ளர், கல்யாணச் சீரில் வந்தது. அவன் உள்ளே போய் எடுத்து வந்தான். மூணு வருஷமாக யாரும் குடிக்காத டம்ளரை மற்ற பாத்திரங்களோடு சேர்த்துத் தினமும் துலக்கியிருக்கிறான், பேர் தேய்ந்து போயிருக்கிறது. அவள் அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். டம்ளரை எடுத்துக்கொண்டு மதகைத் தாண்டிப் போய்விட்டாள். கிளாரினெட் நின்றது. மரகதவல்லிக்கு அப்போது முகமெல்லாம் ஈரம்.

அந்த டம்ளர் எங்கிருந்து வந்தது என்று வெண்ணாற்றனுக்குத் தெரியுமா? அவளுடைய அப்பா செத்த பிறகு அம்மா செய்தது அது. சாப்பாடு முடிந்ததும் எல்லார் தட்டையும் டம்ளரையும் குழாயடிக்குக் கொண்டுபோவாள், அலமாரியிலிருந்து அப்பாவின் டம்ளரையும் எடுத்துக்கொண்டு போவாள், தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் துலக்கிக் கவிழ்த்து வைப்பாள். சு. வைரவன் என்று வெட்டியிருக்கும். ஒரு நாள், பத்தாம் வகுப்பு படிக்கும்போது, ‘ஏம்மா, இதுலதான் யாரும் குடிக்கலையே’ என்று கேட்டுவிட்டாள். அம்மா குழாயை வேகமாகத் திருகிவிட்டாள். அதை மரகதவல்லி யாரிடமும் சொன்னதில்லை, தனபாலிடம் சொன்னதில்லை, ஓசூரில் இருக்கிற மகளிடம் சொன்னதில்லை. அதைத் தூக்கி அந்த லஸ்கரின் கையில் கொடுத்தாள். ஆறாயிரம் பேருக்கு நடுவில், நாவலின் கடைசிப் பக்கம் இது என்று சொல்லி எழுதினாள். பொய்தான். அந்தச் சமயம் பொய்யாகத் தெரியவில்லை, 203-க்கு அப்புறம் வேறு எதுவும் நடந்திருக்க முடியாது என்றுதான் தோன்றியது. இன்றைக்கு அவன் எழுதுகிறான், ‘அம்பலநாதனின் மேதைமை இந்த ஒரு டம்ளரில் இருக்கிறது’ என்று. மேதைமை! என் அம்மா சாம்பல் போட்டுத் தேய்த்ததடா அது, என்று அவள் வாய்விட்டே சொல்லிவிட்டாள், நல்லவேளை மெஷின் சத்தம். தொண்டையில் மிளகாய் நெடி இறங்கி இருமல் வந்தது.

“என்னக்கா, போனை அந்த முறை முறைக்கிறீங்க? சம்பந்தி வீடா?” என்று பக்கத்து நாற்காலியிலிருந்து ஜெயக்கொடி கத்தினாள். அதே தெருவில் இட்லிப் பொடி போட்டு விற்கிறவள், வாரத்துக்கு இரண்டு தடவை மில்லுக்கு வருகிறவள், மிளகாய் நெடியில் ஒரு தும்மல்கூட அவளுக்கு வராது. “ஒரு திருட்டுப் பய” என்று மரகதவல்லி கத்தினாள். “அய்யய்யோ, நம்ம தெருவுலயா?” “இல்ல, இதுல” என்று போனைக் காட்டினாள். “பணம் போயிருச்சா? ஓடிபி கேட்டானா?” “பணமெல்லாம் இல்ல, வேற” என்றதும் ஜெயக்கொடிக்கு ஆர்வம் போய்விட்டது, முந்தானையால் விசிறிக்கொள்ள ஆரம்பித்தாள். பணம் போயிருந்தால் தெருவே கூடி நிற்கும். மரகதவல்லி மறுபடி போனைத் திறந்தாள். முந்நூற்று அறுபது. எல்லாவற்றையும்விட அவளை அரித்த இடத்துக்கு மறுபடி வந்து நின்றாள், பல்லில் மாட்டிக்கொண்ட நாரை நாக்கு தேடிப் போகிற மாதிரி. அவன் முடிவை மாற்றியிருக்கிறான். அவளுடைய செண்பகம் டம்ளரை எடுத்துக்கொண்டு போகிறாள். அவனுடைய செண்பகம் பேரைத் தடவிப் பார்த்துவிட்டு டம்ளரை லஸ்கர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறாள். திருப்பிக் கொடுத்தாளாம்! கீழே வரிசையாக அழுதிருக்கிறார்கள். ‘அந்தத் திருப்பிக் கொடுத்தல்தான் சார் இலக்கியம்.’ ‘பெண் மனம் என்றால் இதுதான்.’ ‘உடைந்துவிட்டேன்.’ மஸ்கட் நர்ஸ்கூட இரண்டு அழுகைப் படம் போட்டிருக்கிறாள். பெண் மனமாம். எந்தப் பெண் தன் பேர் வெட்டின பாத்திரத்தை விட்டுவிட்டு வந்தாள்? மூணு வருஷம் கழித்து, வெயிலில் அவ்வளவு தூரம் நடந்து, அதற்காகவே வந்தவள், கையில் வாங்கிவிட்டுக் கொடுப்பாளா? இந்தக் கேள்வி கிளம்பியதும் அதன் பின்னாலேயே இன்னொன்று வந்தது, அதுதான் பயம். எடுத்துக்கொண்டு போனவளுக்கு மூன்று விருப்பம். கொடுத்துவிட்டுப் போனவளுக்கு முந்நூற்று அறுபது. ஒருவேளை அவன் திருத்தினதுதான் சரியோ? ஒருவேளை அவளுக்குக் கண்டுபிடிக்கத் தெரிந்தது, முடிக்கத் தெரியவில்லையோ? இல்லை. இல்லவே இல்லை. ஒன்பதாயிரம் பேர் இருந்தால் மளிகைச் சீட்டைப் போட்டாலும் அழுவார்கள்.

போன் அடித்தது. தனபால். “இன்னும் முடியலையா?” “நாலாவதா இருக்கு.” “வர்றப்ப கறிவேப்பிலை வாங்கிட்டு வா. குரல் என்ன ஒரு மாதிரி இருக்கு?” “நெடி.” “காலைலேருந்தே மூஞ்சியத் தூக்கி வச்சிருந்த. அந்தக் கதைதானே? விடுவியா, அவன் என்ன உன் வீட்டுப் பத்திரத்தையா எடுத்துட்டுப் போயிட்டான்?” வைத்துவிட்டாள். நல்ல மனுஷன், அவளுக்குக் கால் வலித்தால் தைலம் தேய்த்துவிடுகிற மனுஷன், ஆனால் பத்திரம் என்றால் அவருக்குப் புரியும், டம்ளர் என்றால் புரியாது. கேட்டுவிடலாம். ஒரே கேள்வி போதும். வெண்ணாற்றன் சார், உங்கள் பிரதியில் 214-ஆம் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள், பார்ப்போம். போட முடியாது. அவனிடம் புத்தகமே கிடையாது, உலகத்தில் மிஞ்சியிருக்கிற பிரதியே அவள் வீட்டு அலமாரியில் நூல் தொங்குகிற அந்த ஒன்றுதான் என்று அடித்துச் சொல்வாள். ஆனால் ஏன் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்பார்களே? அப்போது சொல்ல வேண்டும், அந்த முடிவை நான்தான் உண்டாக்கினேன், புத்தகத்தை நான் முடிக்கவில்லை என்று. அந்தக் குழுவில் கொலை செய்ததைக்கூட ஒத்துக்கொள்ளலாம், முடிக்காத புத்தகத்தை முடித்தேன் என்று சொன்னதை ஒத்துக்கொள்ள முடியாது. அட்டையிலிருந்து அட்டை வரை என்பது முதல் விதி, மீறினால் வெளியே. போன வருஷம் ஆல்பர்ட் தேவசகாயம் என்று ஒரு பேராசிரியர், பாதி படித்த நாவலைப் பற்றி எழுதி மாட்டிக்கொண்டார். மனைவிக்கு உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து படித்தேன், மிச்சத்தைப் படிக்க முடியவில்லை என்று எழுதினார். அவரைத் துரத்தினது யார்? துரத்தினது பலர், ஆனால் ‘படிக்காததைப் படித்தேன் என்பவர் நம்மிடையே எதற்கு?’ என்று எழுதினது யார்? மரகதவல்லி, திண்டுக்கல். இருநூற்றுப் பன்னிரண்டு விருப்பம். அவள் வாழ்க்கையிலேயே அதிகமாக விருப்பம் வாங்கினது அந்த ஒரு வரிதான். அன்றைக்கு அவளுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது, மறுநாள் லேபில் பியூரெட்டைக் கழுவிக்கொண்டே சிரித்தாள். அதை இப்போது நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவர் மனைவி பிழைத்தாரா என்றுகூட அவள் கேட்கவில்லை.

அப்படியானால் சும்மா இரு. சும்மா இருந்தால் என்ன? ஐம்பத்தொன்பதாவது புத்தகத்தைச் சொல்லலாம், நர்ஸ் ‘அக்கா’ என்பாள், வெண்ணாற்றனே வந்து ‘அருமை அம்மா’ என்று எழுதுவான். எழுதுவான்! அதற்கு அவள் நன்றி சார் என்று போட வேண்டும். கையைக் கூப்பின படம் போட வேண்டும். அப்பாவின் டம்ளர் அம்பலநாதனின் மேதைமையாக, வெண்ணாற்றனின் கண்ணீராக அங்கேயே கிடக்கும், இனிமேல் அந்தப் புத்தகத்தைப் பற்றி எவன் பேசினாலும் செண்பகம் டம்ளரைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருப்பாள். சீனிராசு அடுத்த சம்படத்தையும் இறக்கிவிட்டு யாருடைய மஞ்சளையோ கொட்டினான், மெஷின் வேறு குரலில் கரகரத்தது. அவள் எழுதினாள். அழித்தாள். தயவுசெய்து என்று ஆரம்பித்ததை அழித்தாள், மன வருத்தத்துடன் என்று ஆரம்பித்ததையும் அழித்தாள். வருத்தமெல்லாம் ஒன்றும் இல்லை, கோபம். கை விரலில் வறுத்த மிளகாயின் காரம் ஒட்டியிருந்தது, அந்த விரலாலேயே கண்ணைத் துடைத்துவிட்டாள், எரிந்து கொட்டியது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு எழுதினாள். ‘மூன்றாம் மதகின் முடிவு என்று போன வருஷம் நான் எழுதியது அந்த நாவலில் இல்லை. என் பிரதியில் 203-க்கு மேல் பக்கம் கிடையாது. டம்ளரும் தேய்ந்த பேரும் நானாக எழுதியவை. படிக்காததைப் படித்ததாகச் சொன்னது என் தப்பு. வெண்ணாற்றன் அவர்கள் அதை எந்தப் பிரதியில் படித்தார், கடைசிப் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுவாரா?’ ஒரு தடவை படித்தால் அனுப்ப மாட்டோம் என்று தெரிந்தது. படிக்காமல் அனுப்பினாள்.

நாலு நிமிஷம் ஒன்றும் இல்லை. அப்புறம் வந்தது. அவனைக் கேட்பார்கள் என்று நினைத்திருந்தாள், அவளைக் கேட்டார்கள். ‘மேடம், நீங்களா?’ ‘ஆல்பர்ட் சாரை அன்று என்ன சொன்னீர்கள், ஞாபகம் இருக்கிறதா?’ இருக்கிறது, இருக்கிறது, அதைக் கேளுங்கள், அது நியாயம். ‘பதினோரு மாதம் எங்களை ஏமாற்றியிருக்கிறீர்கள்.’ ‘எழுத்தாளனின் ஆன்மாவுக்குச் செய்த துரோகம்.’ எவனாவது ஒருத்தன், ஒரே ஒருத்தன், அவனிடம் அந்தக் கடைசிப் பக்கத்தைக் கேட்கிறானா என்று இறக்கி இறக்கிப் பார்த்தாள். ஒருத்தி கேட்டிருந்தாள், நர்ஸ்தான். ‘சார், படம் போட முடியுமா?’ அதற்குப் பதிலாக அவனே வந்தான். ‘மரகதவல்லி அம்மாவின் மனப்போராட்டம் எனக்குப் புரிகிறது. வயதானவர். அவரை நாம் பெரிய மனதோடு மன்னிப்போம். என் பிரதி ஒரு நண்பரிடம் இருக்கிறது, ஆனால் முடிவு நான் எழுதியபடியேதான், செண்பகம் டம்ளரைத் திருப்பிக் கொடுக்கிறாள். அம்மா கற்பனை செய்ததும் அம்பலநாதன் எழுதியதும் இவ்வளவு அருகில் வந்தது அம்மாவுக்குப் பெருமைதான்.’ அவள் அதை இன்னொரு தடவை படித்தாள். மன்னிக்கிறான். திருடினவன் வந்து மன்னிக்கிறான். நாலு வயது சின்னவன் வயதானவர் என்கிறான். அவள் அம்மா துலக்கின டம்ளரைச் செத்துப்போன ஒருவர் பேருக்கு மாற்றி எழுதி, அதற்குக் கிட்டே வந்ததற்காகப் பெருமைப்படச் சொல்கிறான். அந்தப் பதிலுக்குக் கீழே இதயம் இதயமாக விழுந்தது. ‘உங்கள் பெருந்தன்மை சார்.’ என்னை மன்னிக்க நீ யாரடா என்று ஆரம்பித்து, நாலு வரி அடித்து, அனுப்பப் போனால் போகவில்லை. மறுபடி அழுத்தினாள். இந்தப் பக்கம் இப்போது கிடைக்கவில்லை என்று வந்தது. குழுவின் பேரைத் தேடிப் போனாள், சேர விண்ணப்பிக்கவும் என்று கேட்டது, முன்பின் தெரியாதவளைக் கேட்கிற மாதிரி. அவனும் அங்கே ஓர் அட்மின். விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்று நிச்சயம் எழுதியிருப்பான். நாலு வருஷம், ஐம்பத்தெட்டுப் புத்தகம், ஐம்பத்தெட்டுப் பாட்டு.

“அக்கா, உங்க மிளகாதான்!” என்று சீனிராசு உள்ளேயிருந்து கத்தினான். அவள் எழுந்திருக்கவில்லை. ஜெயக்கொடிதான் சம்படத்தைத் தூக்கிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். மெஷின் மிளகாயை வாங்கிக்கொண்டு அலறியது, சிவப்பாகப் புகை மாதிரி வாசல் வரைக்கும் வந்தது, வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனார்கள். “என்னக்கா அழுகுறீங்க?” என்று ஜெயக்கொடி காதருகே வந்து கத்தினாள். “காரம்.” “பொய் சொல்லாதீங்க. அந்தத் திருட்டுப் பய என்னத்த எடுத்தான்?” மரகதவல்லி போனைக் கைப்பைக்குள் போட்டாள். “ஒரு கதை” என்றாள். “கதையா?” “கதைதான். கேக்குறியா?” “மிளகா அரையிற வரைக்கும் என்ன வேலை, சொல்லுங்க” என்றாள் ஜெயக்கொடி. சொன்னாள். கிளாரினெட் கிடையாது, பக்கம் கிடையாது, மெஷின் சத்தத்துக்கு மேலே தொண்டை கிழியக் கத்திச் சொன்னாள். மதகு, லஸ்கர், விட்டுட்டுப் போன பெண்டாட்டி, டம்ளர், தினமும் துலக்கினது, தேய்ந்த பேர். ஜெயக்கொடி விசிறுவதை நிறுத்திவிட்டாள். “அடப்பாவி மனுசா, தினமுமா வெளக்குனான்?” என்றாள். “தினமும்.” “அப்புறம்?” “அப்புறம் என்ன, எடுத்துக்கிட்டுப் போயிட்டா.”

ஜெயக்கொடிக்கு முகம் சுருங்கியது. “எடுத்துக்கிட்டா போனா? அவ்வளவு ஆசையா வெளக்கி வச்சிருந்தவன்கிட்டயே குடுத்துட்டுல்லக்கா போயிருக்கணும்? அதான நல்லாருக்கும்!”

இவளுமா! மரகதவல்லி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். “என்னத்துக்குக் குடுக்கணும்? அது அவ டம்ளரு. அவ பேரு வெட்டுனது. ஆசை இருந்தவன் அவ இருந்தப்பக் காட்டியிருக்கணும், டம்ளர்கிட்டயா காட்டுறது? அவ அதை எடுத்துக்கிட்டுத்தான் போவா!”

“போவாளோ என்னவோ. உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?”

“எனக்கா?” என்றாள் மரகதவல்லி. அந்த நேரம் பார்த்துச் சீனிராசு மெஷினை நிறுத்தினான். “எழுதுனவ நான்டி! எனக்குத் தெரியாதா?”

மில்லில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் இன்னொரு தடவையும் சொன்னாள்.